வழிக்குறிப்பில் விட்டுப்போன நாள்

மூன்றாவது ஓலையும் வாசித்தாயிற்று.

"கோலார் தங்கவயல் பங்கைச் சேர்ந்த அருள்ராஜுக்கும், நம் பங்கைச் சேர்ந்த சின்னப்பன், லூர்துமேரி இவர்களின் மூத்த குமாரத்தி பிலோமினாவுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது. இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்."

சாமியார் காகிதத்தை மடித்தார். செஞ்சி மாதா கோயிலில் ஒரு குழந்தை இருமியதைத் தவிர வேறு சத்தமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படிக் கேட்பது வழக்கம். மூன்று தடவையும் யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் தடை இல்லை என்று அர்த்தம். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

முன்வரிசையில் இருந்த சின்னப்பன் வாத்தியார் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். யாராவது எழுந்து நிற்கிறார்களா என்று பார்த்தாராம். சொந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கே ஆட்சேபம் தேடுகிற மனுஷர் இந்தத் தாலுகாவில் இவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

சென்ற வாரங்களில் இந்தக் குடும்பத்தோடு கூடவே வந்தவர்களுக்கு அவர் பயம் புரியும். இன்றைக்குப் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

சின்னப்பன், செஞ்சி மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். மனைவி வசந்தா, கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி லூர்துமேரி ஆனவள். இரண்டு வீடும் ஒரே சாதிசனம்தான், சாமிதான் வேறு. அந்த ஒரு வேறுபாட்டுக்காக அவளுடைய அண்ணன் பெரியதம்பி இருபது வருஷத்துக்கு மேலாகத் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தங்கையும் பிறந்த வீட்டுப் பக்கம் போகவில்லை, தாய் இறந்தபோதுகூட.

போன வாரம்தான் போனாள். பழத்தட்டும் கல்யாணப் பத்திரிகையுமாக, சீயமங்கலத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்த வீட்டுப் படியை ஏறினாள். பெரியதம்பி பத்திரிகையை வாங்கிப் படித்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாளு யாரு வச்சது? நீங்களா, மாப்ள ஊட்டுக்காரங்களா?"

உண்மையில் நாள் வைத்தது மாப்பிள்ளையின் தாயார். மகனுக்கு லீவு கிடைக்கிற வாரத்தைப் பார்த்து, புதன்கிழமை என்று அவர்தான் சொன்னார். ஆனால் அண்ணன் எதிரே தன் வீடு ஒரு படி தாழ்ந்து தெரியக்கூடாதே. "நாங்கதாண்ணா வச்சோம்" என்று வசந்தா சொல்லிவிட்டாள். பெரியதம்பி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பத்திரிகையை மடியில் செருகிக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார்.

அவர் வருவாரா மாட்டாரா என்பதுதான் அன்றிலிருந்து வசந்தாவுக்குச் சோறும் தூக்கமும். பெண்ணை வீட்டிலிருந்து கோயில் வாசல் வரை கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியவர் தாய்மாமன். அந்த இடத்தில் யாராவது ஒன்றுவிட்ட சொந்தத்தை நிறுத்திச் சமாளிப்பதை அவளால் நினைக்க முடியவில்லை.

இன்னொரு ஆளையும் சொல்லிவிட வேண்டும். இளையவள் ஜெசிந்தா. தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து இப்போது அங்கேயே சொல்லிக்கொடுக்கிறாள். வெளியூர் விருந்தாளிகள் திண்டாடக்கூடாது என்று அவள் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் போட்டு, ஒவ்வொரு பத்திரிகையோடும் ஒரு தாளை வைத்து அனுப்பியிருந்தாள். செஞ்சியில் இதற்கு முன்னால் யாரும் அப்படிச் செய்ததில்லை. வாத்தியார் அதைப் பார்ப்பவரிடமெல்லாம் காட்டினார்.

"விருந்தினர் கவனத்திற்கு. கோலார் தங்கவயலிலிருந்து வருகிறவர்கள் திருவண்ணாமலையில் இறங்கி செஞ்சி பஸ் ஏறவும். அரை மணிக்கொரு பஸ் உண்டு. வாரத்தின் நடுநாள் என்பதால் கூட்டமிருக்காது, உட்கார்ந்து வரலாம். செஞ்சியில் யாரைக் கேட்டாலும் மாதா கோயிலுக்கு வழி சொல்வார்கள். ஆண்கள் தங்க மிஷன் பள்ளிக்கூடம். பெண்கள் தங்க சாந்த் பாஷா அவர்களின் புது வீடு. விருந்து முடிந்து கோட்டை பார்க்க விரும்புவோர் வெயில் தாழ்ந்த பிறகு ராஜகிரி ஏறவும். தண்ணீர் கொண்டுபோகவும். குரங்குகளிடம் கைப்பையைக் காட்ட வேண்டாம்."

குரங்கு வரைக்கும் யோசித்த பெண் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் சமையல்காரர் உமர் பாரூக் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வாங்க பாய். ஓல முடிஞ்சிட்டுது" என்றார் வாத்தியார்.

"சந்தோஷம் சார். ஆடு சொல்லியாச்சு. அரிசி சொல்லியாச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். சைவத்துக்கு எல எத்தினி போடறது?"

"சைவம் கொஞ்சம் போதும்னு அன்னிக்கே சொன்னேனே."

"அது சாதா நாளுக்கு சார். அமாவாச அன்னிக்கி உங்க இஸ்கூல் வாத்தியாருங்க, இந்தத் தெருக்காரங்க, யாரும் கறி தொட மாட்டாங்களே. சைவத்த கூட்டி, பிரியாணிய கொறச்சிடலாமா?"

வாத்தியார் பாதி மடக்கிய குடையோடு நின்றார்.

"எது அமாவாச?"

"புதன்கெழம."

"எந்தப் புதன்கெழம?"

"உங்க பொண்ணு கல்யாணம் சார்" என்றார் உமர் பாரூக். அவருக்குக் குழப்பமாகிவிட்டது. "தெரிஞ்சிதான வச்சிக்கிறீங்க?"

வீட்டுக்குள் போய்ப் பார்க்கலாம் என்றால் தேதி கிழிக்கிற காலண்டர் இல்லை. இருந்தது. அரிசிக்கடையில் கொடுத்தது, மேலே மகாலட்சுமி படம் போட்டது. நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் தாயார் அடுப்படியில் அதைப் பார்த்து, "இது யாரு?" என்று மட்டும் கேட்டார். கோலாரில் அவர் செபமாலை சங்கத்துக்குத் தலைவி. அன்றைக்கே வாத்தியார் காலண்டரைக் கழற்றிவிட்டு, மறைமாவட்டக் காலண்டரை மாட்டினார். அதில் எல்லா அர்ச்சிஷ்டவர்களின் திருநாளும் உண்டு. அமாவாசை கிடையாது.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரியை ஜெசிந்தா கேட்டாள்.

"அக்கா, அடுத்த வாரம் புதன்கெழம அமாவாசையா?"

"ஆமா. ஏன்?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பத்திரிக குடுத்த அன்னிக்கே எங்க ஊட்டுக்காரரு பாத்துட்டாரு."

"சொல்லக்கூடாதா?"

சாமுண்டீஸ்வரி ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி தயங்கினாள். "நீங்க வேதக்காரங்க. நாளு கெழம பாக்க மாட்டீங்க. நாங்க வந்து சொன்னா, நம்ம சாமிய மதிக்காம பேசறாங்களேன்னு உங்க நைனா நெனச்சிக்க மாட்டாரா? அதான் சும்மா இருந்துட்டோம். உங்க சாமிக்கு ஒருவேள அதான் நல்ல நாளோ இன்னாவோ."

விசாரித்ததில் தெருவுக்கே தெரிந்திருந்தது. வாத்தியார் துணிச்சலான மனுஷர், மூடநம்பிக்கையை ஒழிக்கத்தான் அமாவாசையில் வைத்திருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்களாம். தையல்காரர் பச்சமுத்து, ஊர்ப்பட்ட பஸ் ஓடுகிற நாளாகப் பார்த்து வைத்திருக்கிறார், கெட்டிக்காரர் என்றாராம். ஆளுக்கொரு காரணம் கற்பித்துக்கொண்டு, மரியாதை கருதி ஒரு ஊரே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. இப்படிப்பட்ட மரியாதை நம் எதிரிக்கும் கிடைக்க வேண்டாம்.

"அமாவாசயா இருந்தா இன்னா?" வாத்தியார் தைரியத்தை வரவழைத்துக்கொண்டார். "எல்லா நாளும் ஆண்டவர் குடுத்த நாள்தான்."

"நாள ஆண்டவர் குடுப்பாரு நைனா. பஸ்ஸ டிப்போவுலதான குடுக்கணும்" என்றாள் ஜெசிந்தா. "அன்னிக்கி பூரா பஸ்ஸும் மலையனூர் போயிடுமே."

அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன். எட்டுத் திசையிலிருந்தும் சனம் வந்து குவியும். அன்றைக்கு இந்தப் பக்கம் ஓடுகிற பஸ்ஸெல்லாம் நெற்றியில் ஸ்பெஷல் என்று எழுதிக்கொண்டு அங்கேதான் போகும். கூட்டமிருக்காது, உட்கார்ந்து வரலாம் என்று எழுதி, கோலாரில் வீடு வீடாகக் கொடுத்திருக்கிறது.

கல்யாணப் பெண் பிலோமினா அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கல்யாணம் உண்டா இல்லயா? அத மட்டும் சொல்லுங்க. மத்தத நீங்களே பேசிக்குங்க."

யாரும் பதில் சொல்வதற்குள் வசந்தா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். பூசைக்குப் போட்ட முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை.

"இன்னா மேரி, தல சுத்துதா?"

"எங்கண்ணன் அமாவாச தவற மாட்டாருங்க" என்றாள் வசந்தா. "வருஷக்கணக்கா மலையனூர் போறாரு. பாத்தவங்க வந்து எங்கிட்ட சொல்லியிருக்காங்க. அந்த நாளா பாத்து வச்சிட்டு, தட்ட எடுத்துகினு போயி நின்னிருக்கேன். யாரு வச்சதுன்னு கேட்டாரு. நாங்கதான் வச்சோம்னு நெஞ்ச நிமித்திகினு சொன்னேங்க."

நீ வராதே என்று சொல்வதற்கு இதைவிட நல்ல வழி எவருக்கும் கிடைத்திருக்காது. இத்தனை வருஷம் கழித்து அண்ணன் வீட்டுப் படியேறி, தட்டு வைத்து, அவமானம் செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

வாத்தியார் சாமியாரிடம் ஓடினார். தேதியை மாற்ற முடியாது. மறுநாள் வியாழக்கிழமை சாமியார் தியானத்துக்குக் கிளம்புகிறார், திரும்பி வருவதற்குள் மாப்பிள்ளையின் லீவு முடிந்துவிடும். புதன்கிழமை புதன்கிழமைதான்.

"நான் லாரிக்கார சாந்த் பாஷா கடைக்குப் போயி கோலாருக்கு ட்ரங்க் கால் போடறேன்" என்றார் திரும்பி வந்ததும். "பஸ்ஸுக்கு ஒரு வழி பண்ணணும்."

"நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன்" என்றாள் வசந்தா. "போயி, நாள் வச்சது நாங்க இல்ல, பொய் சொல்லிட்டேன்னு கால்ல உழுந்துட்டு வரேன். ஜெசி, நீயும் வா."

பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் ஆதிமூலம் மேஜை மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தாவைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டார். அவர் மகள் இவளிடம்தான் தட்டச்சு பழகுகிறாள்.

"புதன்கெழமயா? செவ்வாக்கெழம மத்தியானத்துலேர்ந்தே எல்லாம் மலையனூர் ஸ்பெஷல்தாம்மா. திருவண்ணாமலையில ஏறனா, அவலூர்பேட்ட வழியா நேரா கொண்டுபோயி அம்மன் வாசல்ல எறக்கிடுவான்."

"செஞ்சிக்கு ஒண்ணுமே வராதா?"

"ஒண்ணு ரெண்டு வரும். அதுல காலு வைக்க முடியாது."

"அப்ப எங்க விருந்தாளிங்க இன்னா பண்றது?"

"அவங்களும் அம்மன பாத்துட்டு வர வேண்டியதுதான்" என்றார் ஆதிமூலம். அவர் கேலி செய்யவில்லை. அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

மாப்பிள்ளையின் தாயார் கையில் செபமாலையோடு, வேப்பிலையும் சாம்பலுமாக ஆடி வருகிற கூட்டத்துக்கு நடுவே இறங்குவதை ஜெசிந்தா நினைத்துப் பார்த்தாள். உடனே நினைப்பதை நிறுத்திக்கொண்டாள்.

தேசூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு வசந்தாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. செபம் சொல்கிறாள் என்றுதான் ஜெசிந்தா முதலில் நினைத்தாள். காதைக் கிட்டக் கொண்டுபோனால், "அண்ணா, நான் வெக்கலண்ணா, அவங்க வச்சாங்கண்ணா" என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு கோவமா பேசனா பேசாம இருந்துக்கோ" என்றாள் நடுவில் மகளிடம். "எதுத்து ஒண்ணும் சொல்லாத. அவரு கல்யாணத்துக்கு வந்தா எனக்குப் போதும்."

பெரியதம்பியின் வீட்டை நெருங்கியதும் வசந்தா நடையை நிறுத்திப் பார்த்தாள். போன வாரம் அழுக்கேறிக் கிடந்த சுவர் இப்போது வெள்ளையடித்திருந்தது. வாசலில் சாணம் தெளித்துப் பெரிய கோலம். அண்ணி மங்கை விதைக்கு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவள், இவர்களைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"வா வசந்தா. உங்கண்ணன் நாளைக்கி உன்ன பாக்க வரதா இருந்தாரு. அதுக்குள்ள நீயே வந்துட்ட. இது யாரு, சின்னவளா? அப்பிடியே எங்க மாமியா மூஞ்சி."

கோபமாக இருக்கிற வீட்டில் இப்படிப் பேசமாட்டார்கள். தாயும் மகளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

கொல்லைப்பக்கமிருந்து கையைத் துடைத்துக்கொண்டே பெரியதம்பி வந்தார்.

"குந்து" என்றார்.

"அண்ணா, நாளு விஷயமா உங்கிட்ட ஒண்ணு..."

"நானும் அதத்தான் பேசணும். மொதல்ல குந்து."

வசந்தா உட்கார்ந்தாள். அவரும் எதிரே உட்கார்ந்தார். வயசாகிவிட்டது அவருக்கு. பல் இரண்டு இல்லை.

"அன்னிக்கி உங்கிட்ட பேசாம போயிட்டேன். தப்பா நெனச்சிக்காத. பத்திரிகயில நாள பாத்ததும் எனக்கு ஒண்ணும் ஓடல. இது தானா அமஞ்சிதா, நீ நெனச்சி வச்சதான்னு தெரியணும். அதான் கேட்டேன். மாப்ள ஊடு வச்சதுன்னு சொல்லியிருந்தா, சரி ஏதோ அமஞ்சிதுன்னு போயிருப்பேன். நீதான் வச்சேன்னு சொன்ன. அங்கயே நின்னா அழுதுடுவேன்னு கழனிக்குப் போயிட்டேன்."

வசந்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அம்மா சொல்லியனுப்பிச்சத நீ இத்தினி வருஷமா மனசுல வச்சிருந்திருக்க பாரு" என்றார் பெரியதம்பி. மங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா இன்னாண்ணா சொல்லியனுப்பிச்சி?" என்று கேட்க வசந்தா வாயெடுத்தாள். கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை, அவரே சொல்லிக்கொண்டு போனார்.

வசந்தா கல்யாணம் கட்டிப் போன அன்று அவள் தாய் மலையனூராளுக்கு வேண்டிக்கொண்டாளாம். எம்பொண்ணு மறுபடி இந்த வாசப்படி மிதிக்கிற வரைக்கும் அமாவாசை தவறாமல் வந்து நிக்கறேன், அவள் மிதிச்ச பிறகு வர்ற அமாவாசையில அவளையும் கூட்டியாந்து கற்பூரம் ஏத்தி முடிச்சிக்கறேன் என்று. தாய் போன பிறகு மகன் அந்த வேண்டுதலை ஏற்றுக்கொண்டார். சாகப்போகிற நேரத்தில் இதைச் சொல்லித் தாய் ஆள் அனுப்பியிருக்கிறாள். அனுப்பிய ஆள் பெரியப்பா மகன் முருகையன்.

முருகையன் வந்தது வசந்தாவுக்கு நினைவிருந்தது. வாத்தியார் வீட்டில் அன்று செபக்கூட்டம். வந்தவன் மோர் குடித்தான், அம்மாவுக்கு முடியவில்லை என்றான், போய்விட்டான். அத்தனை வேதக்காரர்களுக்கு நடுவில் அங்காளம்மன் பேச்சை எடுத்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்திருப்பான். நல்லவன் அவன்.

"போன வாரம் நீ படி மிதிச்ச. அடுத்து வர்ற அமாவாசயே கல்யாண நாளு. நீயே வச்சிருக்க" என்றார் பெரியதம்பி. "காலையில உங்க கோயிலுக்கு நான் வரேன். எம்மருமவ கையப் பிடிச்சி கூட்டிகினு போறேன். உங்கூட்டுக்காரரு எங்க நிக்க சொல்றாரோ அங்க நிக்கறேன். சாயந்தரம் வெளக்கு வைக்கிற நேரத்துக்கு நீ எங்கூட மலையனூரு வந்து அம்மா பேருல கற்பூரம் ஏத்து. பொண்ணு மாப்ள வந்தா சந்தோஷம், வரலன்னா போவுது. நீ வந்தா போதும்."

ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

வசந்தா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கிற மாதிரி பிடித்தாள்.

"இன்னாம்மா?" என்றார் பெரியதம்பி.

"ஒண்ணுமில்லண்ணா" என்றாள் வசந்தா. "வரேன்."

கைகாட்டி மரத்தடியில் பஸ்ஸுக்காக நின்றபோது ஜெசிந்தா கேட்டுவிட்டாள்.

"நெசத்த சொல்லத்தான வந்த?"

"சொல்லத்தான் வந்தேன்."

"அப்பறம் ஏம்மா?"

"எப்பிடிடி சொல்றது? தங்கச்சி நெனச்சிப் பாத்து வச்சாளேன்னு சுவருக்கு வெள்ளையடிச்சி வச்சிருக்காரு. நான் அமாவாசயே பாக்கலண்ணா, எங்க சம்பந்தியம்மா லீவு பாத்து வச்சதுன்னு சொன்னா அந்த மனுஷன் மூஞ்சி இன்னா ஆவும்? சொல்லிட்டு நான் எப்பிடி அந்தப் படிய எறங்கறது?"

"நைனாவுக்குத் தெரிஞ்சா?"

வசந்தா பஸ் வருகிற திசையை எட்டிப் பார்த்தாள்.

"கோலார் அத்தைக்குத் தெரிஞ்சா? காலண்டர்ல படம் இருந்ததுக்கே அன்னிக்கி பூரா நம்ம ஊட்ல தண்ணி குடிக்கல அவங்க. தாலி ஏறன அன்னிக்கே மாமியா கண்ணுல அக்கா இன்னா ஆவா, யோசிச்சியா?"

"யோசிச்சேன். பிலோமினா வர வேணாம். மாப்ள வர வேணாம். உங்க நைனாவும் வர வேணாம். யாருக்கும் தெரிய வேணாம். நான் மட்டும் போயிட்டு வந்துடறேன்."

"கல்யாணத்தன்னிக்கு சாயந்தரம் பொண்ணோட அம்மா ஊட்ல இல்லன்னா யாரும் தேட மாட்டாங்களா? பாவசங்கீர்த்தனத்துல சாமிகிட்ட இன்னான்னு சொல்லுவ?"

"தெரியிலடி" என்றாள் வசந்தா. அவள் சொன்னது உண்மை. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. செத்துப்போன தாய் இத்தனை வருஷம் தனக்காகக் கூட்டத்தில் நசுங்கியிருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அழுகை வந்தது. தெருவில் நின்று அழக்கூடாது என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அவர்கள் வீடு வந்து சேரும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. வாத்தியார் வாசலிலேயே எதிர்கொண்டார். காலையில் குடையோடு நின்ற ஆள் இவர்தானா என்று கேட்க வேண்டும், முகத்தில் அவ்வளவு தெளிவு.

"மேரி, உங்கண்ணன் இன்னா சொன்னாரு?"

"வரேன்னாரு."

"வரேன்னாரா? கோவமில்லயா?"

"இல்லங்க."

"பாத்தியா, மாதா கைவிடல" என்றார் வாத்தியார். சிலுவை போட்டுக்கொண்டார். "இங்கயும் நல்லபடியா முடிஞ்சிது. ட்ரங்க் கால் கெடச்சி சம்பந்திகிட்டயே பேசிட்டேன். மொதல்ல கொழம்பிட்டாரு. கல்யாணம் மாதா கோயில்லயா மலையனூர்லயான்னு கேட்டாரு. பொறுமையா சொல்லிப் புரிய வச்சேன். ஜெசி, ஒரு தாளு எடு. புது வழிக்குறிப்பு எழுதணும். நாளைக்கே தட்டி எக்ஸ்பிரஸ் டெலிவரில அனுப்பிடு."

ஜெசிந்தா தாளும் பேனாவும் எடுத்து வந்து உட்கார்ந்தாள். வாத்தியார் வகுப்பில் நடக்கிற மாதிரி அங்குமிங்கும் நடந்தபடி சொல்ல ஆரம்பித்தார்.

"விருந்தினர் கவனத்திற்கு. முன்பு அனுப்பிய குறிப்பில் சிறு திருத்தம். செஞ்சி பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். திருவண்ணாமலையில் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறவும். எழுதிட்டியா? மேல்மலையனூரில் இறங்கியதும், அங்கிருந்து செஞ்சிக்கு அழைத்துவர, சாந்த் பாஷா அவர்களின் லாரி காத்திருக்கும்."

ஜெசிந்தாவின் பேனா நின்றது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

"எழுது. விருந்து முடிந்ததும், கோலார் விருந்தினர் அனைவரும் அதே லாரியில் மேல்மலையனூருக்கு அழைத்துச் செல்லப்பட்டு, ஊர் திரும்பும் ஸ்பெஷல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பப்படுவார்கள். போற பஸ் அங்கதான நிக்கும். இது எப்பிடி எனக்குத் தோணுச்சுன்னே தெரியில."

"எல்லாரும் போறாங்களா நைனா?" என்றாள் ஜெசிந்தா மெதுவாக. "அத்தையும்?"

"அவங்கதான் முக்கியம். பொண்ணையும் மாப்ளயையும் இங்க விட்டுட்டு அவங்க மட்டும் பொறப்படறாங்க." வாத்தியார் மனைவி பக்கம் திரும்பினார். "மேரி, ஒண்ணு சொல்லணும். சம்பந்தியம்மாவ அந்தக் கூட்டத்துல தனியா விட்டா நல்லா இருக்காது. எனக்கு இங்க பந்தல், பாத்திரம்னு வேல இருக்கும். நீதான் கூடவே போயி, கையப் பிடிச்சிகினு நின்னு, பஸ் ஏத்தி விட்டுட்டு வரணும். உங்கண்ணன் அந்தப் பக்கம் பழகனவருதான. அவரையும் தொணைக்குக் கூட்டிகினு போ."

வசந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தினி மணிக்கிங்க போவணும்?" என்று கேட்டாள்.

"வெளக்கு வைக்கிற நேரத்துக்கு அங்க இருந்தா போதும்" என்றார் வாத்தியார்.